திருட்டுக் கதையில் ஒருவன் செத்த பிறகும் சிரிப்பு எப்படி நிலைக்கிறது?

திருடர்கள் வேடிக்கைக்காகப் படைக்கப்பட்ட கோமாளிகளாக இல்லாமல், நிஜமாகவே பஞ்சம் பிழைப்பவர்களாக இருந்தால் நிலைக்கும். மரியோ மோனிச்செல்லி 1958இல் எடுத்த 'இ சோலிதி இன்யோதி' என்ற இத்தாலியப் படம் இதற்கு நல்ல பாடம். போருக்குப் பிந்தைய ரோம் நகரில், கூலிக்காரர்கள் வாழும் பகுதியில் நடக்கும் கதை. அடகுக்கடை ஒன்றைக் கொள்ளையடிக்கப் போகும் கும்பலில் தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன் ஒருவன். கேமரா இல்லாத புகைப்படக்காரன் இன்னொருவன். இவனுடைய மனைவி கள்ளச் சிகரெட் விற்றுச் சிறையில் இருப்பதால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டேதான் திருட்டுக்குத் திட்டம் போடுகிறான்.

கோசிமோ என்பவன் தனியாகவே அந்த அடகுக்கடைக்குத் துப்பாக்கியோடு போய் நீட்டுகிறான். கடைக்காரரோ பதறாமல் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடகுக்கு விலை சொல்கிறார்! பிறகு கோசிமோ ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கப்போய், டிராமில் அடிபட்டுச் சாகிறான். இயக்குநர் இதற்கு ஒப்பாரியும் வைக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. கதை நகர்கிறது, என் கணக்கில் படத்தின் மிகத் துணிச்சலான இடம் இதுதான்.

கொள்ளை நாளில் அவர்கள் உடைப்பது வேறு சுவர். பணப்பெட்டிக்குப் பதில் சமையலறை. கிடைத்த கொண்டைக்கடலைப் பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். குத்துச்சண்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அடி மறுநாள் காலையில்: போலீஸுக்குப் பயந்து கட்டடத் தொழிலாளர் கூட்டத்தில் ஒளியப்போனவன், நெரிசலோடு உள்ளே தள்ளப்பட்டு வேலையில் சேர்ந்துவிடுகிறான்.