விமான நிலையத்தை மூடியவர்கள் துறைமுகத்தை ஏன் மூடவில்லை?

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமானையும் கொண்டுபோகும் லோஞ்சில் அவருடைய கணவருக்கு வேலை. "கொரோனா நேரம் விமான நிலையத்தை மூடினார்கள், துறைமுகத்தை மூடவில்லை. இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் இவர் வேலைக்குப் போகத்தான் வேணும். வீட்டில் மாமிக்கு நீரிழிவு, கைக்குழந்தையும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

துறைமுகத்தை முழுதாக மூட முடியாது, சகோதரி. சீனக்குடாவில் இருக்கும் பிறிமா ஆலைக்குக் கோதுமை கப்பலில்தான் வருகிறது. அதை நிறுத்தினால் பாணுக்கே மா இருக்காது. எரிபொருளும் அப்படித்தான். அதனால் சரக்கை இறக்க விட்டுவிட்டு, ஆட்களை இறங்க விடாமல் தடுப்பார்கள்.

இப்படித் தடுப்பதால் பலன் உண்டா? நேரத்தோடு, இறுக்கமாகச் செய்தால் நிச்சயம் உண்டு. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து போன 'தலூன்' என்ற கப்பலை மேற்குச் சமோவாவில் தடையில்லாமல் அனுமதித்தார்கள். இன்புளுவென்சா பரவி, அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவா வருகிற கப்பல்களைக் கண்டிப்பாகத் தனிமைப்படுத்தியது. அங்கே அந்த நோயால் ஒரு சாவும் பதிவாகவில்லை.

ஆனால் எல்லையை மூடினால் எல்லாம் சரி என்றும் நினைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் மூடிய நம் விமான நிலையம் 2021 ஜனவரியில்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. இடையில், 2020 ஒக்டோபரில், மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்து நாடெங்கும் பரவியது. எல்லைக் கட்டுப்பாடு தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசம் எவ்வளவு நீளும் என்பது எல்லையில் நிற்கிற ஆட்களைப் பொறுத்தது. துறைமுகத்தில் அந்த எல்லை கப்பலின் ஏணியடிதான். அங்கே லோஞ்சைக் கட்டி நிற்பவர்களில் உங்கள் கணவரும் ஒருவர்.

கப்பல் வருமுன் கப்டன் ஒரு சுகாதார அறிவிப்புப் பத்திரம் கொடுக்க வேண்டும். பயணத்தில் யாராவது இறந்தார்களா, தொற்று நோய்ச் சந்தேகம் உண்டா, வழக்கத்தைவிடக் கூடுதலானவர்கள் சுகமில்லாமல் இருக்கிறார்களா, கடைசி முப்பது நாளில் எந்தெந்தத் துறைமுகம் தொட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். துறைமுகச் சுகாதார அதிகாரி திருப்தியானால்தான் கரையோடு பழக அனுமதி. அந்த அனுமதியைக் கேட்கிற கப்பல் மஞ்சள் கொடி ஏற்றும் வழக்கம் உண்டு, இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே முடிந்துவிடுகிறது. அனுமதி கிடைத்துவிட்டதா என்று கப்பல் ஏஜென்டிடம் கேட்காமல் உங்கள் கணவர் லோஞ்சைக் கப்பலோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கேட்பது அவருடைய உரிமை, தயங்க வேண்டாம்.

பத்திரம் சுத்தமாக இருந்தாலும் நோய் அரும்பும் நாட்களில் காய்ச்சல் தெரியாது. ஆகவே காகிதங்களைக் கயிற்றில் கட்டிய கூடையில் இறக்கச் சொல்லலாம். கப்பலின் உள்ளறைகளுக்குப் போகாமல், அவர்கள் தரும் தேத்தண்ணீரையும் சிகரெட்டையும் அன்பாக மறுத்துவிட்டு வரலாம். மாலுமிகளை ஏற்ற வேண்டி வந்தால் லோஞ்சின் கண்ணாடிகளைத் திறந்துவைத்து, எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும். லோஞ்சுக்கு எப்போதும் அதே ஆட்கள் போவது நல்லது, ஒருவருக்கு வந்தால் மற்றக் குழு தப்பும்.

இதைவிட முக்கியமானது சம்பளம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயமிருந்தால் மனிதன் பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குத்தான் போவான், அவனைக் குறை சொல்ல முடியாது. தனிமையில் இருக்கும் நாட்களுக்கும் கூலி உண்டு என்பதை முதலாளியிடம் இப்போதே, நோய் எதுவும் இல்லாத நேரத்திலேயே, எழுத்தில் கேட்டு வாங்கட்டும். நாலைந்து லோஞ்சுக்காரர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

வீட்டில், மாமியும் பிள்ளையும் படுக்கும் அறையில் அவர் படுக்க வேண்டாம். வெளியே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு உள்ளே வரட்டும். போன கப்பலில் நோயென்று பிறகு தெரிய வந்தால் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும், கொவிட்டின் பதினான்கு நாளை எல்லாவற்றுக்கும் கணக்காக எடுக்க வேண்டாம். மாமியின் நீரிழிவு மருந்தை ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வைத்திருக்க முடியுமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.