போகும்போது கப்பல், திரும்பும்போது சுரங்கம்

அன்புள்ள அண்ணா,

நான் பொள்ளாச்சிக்காரன், ஆறு வருடமாக இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். வரும் ஆகஸ்டில் பத்து நாளைக்கு ஒரு மோட்டார்ஹோமை (உள்ளேயே படுக்கையும் சமையலும் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து பெல்ஜியமும் ஹாலந்தும் போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. இவ்வளவு பெரிய வண்டியை நான் ஓட்டியதில்லை, வலது பக்கச் சாலையிலும் ஓட்டியதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் "வண்டியையே ஏற்றிக்கொண்டு போகிற சுரங்க ரயிலில் போ, 35 நிமிடத்தில் பிரான்ஸ்" என்கிறார்கள். மனைவி கப்பல் என்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு கடலுக்கு அடியில் போவது என்றதும் முகம் மாறிவிட்டது. சின்னவனுக்கு வண்டியில் போனாலே வாந்தி வரும். நீங்கள் இரண்டிலும் போயிருக்கிறீர்கள். எதை எடுக்கட்டும்?

ர., மில்டன் கீன்ஸ்

அன்புள்ள தம்பி,

போகும்போது கப்பல், திரும்பும்போது சுரங்கம். கப்பலிலும் எல்லோரும் போகிற டோவர் - கலே கப்பல் வேண்டாம், இங்கிலாந்துக் கரையில் இருக்கிற டோவரிலிருந்து பிரான்சின் டன்கிர்க் போகிற கப்பலைப் பிடியுங்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் தடவை நாங்களும் அந்த 35 நிமிடத்தை நம்பித்தான் போனோம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, வண்டியில் சாமான் ஏற்றி, லண்டனைச் சுற்றுகிற எம்25 சாலை நெரிசலில் ஊர்ந்து, சுரங்க ரயில் ஏறுகிற ஃபோக்ஸ்டோன் போய்ச் சேரும்போதே எனக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. ரயில் பெட்டிக்குள் வண்டியை ஏற்றுவதற்கே கவனம் முழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் உயர்ந்த விளிம்பு இருக்கும், கொஞ்சம் விலகினாலும் டயர் உரசுகிற சத்தம் கேட்கும். நிறுத்தி, பிரேக் போட்டு, ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். தூக்கமும் இல்லை, ஓய்வும் இல்லை. அந்தப் பக்கம் கதவு திறந்ததும் நேராக நெடுஞ்சாலை. பிரெஞ்சு போலீஸின் பாஸ்போர்ட் சோதனை ஃபோக்ஸ்டோனிலேயே முடிந்துவிடுவதால் அங்கே நிற்க ஒரு இடம் கிடையாது, ரயிலை விட்டு இறங்கிய சில நிமிடத்திலேயே ஏ16 சாலையில் கலக்க வேண்டும். கடிகாரமோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது, நல்ல இருட்டு.

அந்தக் கலக்கிற இடத்தைத்தான் நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து வண்டியில் நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே இணைப்புச் சாலை வலது பக்கமிருந்து நெடுஞ்சாலையில் சேரும். வருகிற லாரி உங்களுக்கு இடது பின்பக்கம், அதாவது மனைவியின் தோளுக்குப் பின்னால் இருக்கும். காரில் என்றால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மோட்டார்ஹோமில் அந்தப் பக்கம் முழுக்கச் சுவர், அலமாரி. கண்ணாடியில் தெரியாத ஒரு நீளம் உண்டு, அந்த நீளத்துக்குள் ஒரு லாரியே மறைந்துவிடும். எங்களுக்கு மறைந்தது. மனைவி கத்தினாள், லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார், பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஹாரன் சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. இதே கஷ்டம் கப்பலில் போனாலும் வரும், அதை நான் மறைக்கவில்லை. ஓய்வெடுத்த கண்ணோடு, பகலில், நிதானமாக அதைச் சந்திக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

கப்பலில் வண்டித் தளத்தில் யாரையும் உட்கார விடமாட்டார்கள். வண்டியைப் பூட்டிவிட்டு மேலே போய்த்தான் ஆக வேண்டும், அதுவே உங்களுக்கு நல்லது. டன்கிர்க்குக்குச் சுமார் இரண்டு மணி நேரம். சாப்பிடலாம், நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். கலே கப்பல் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் நீங்கள் போகப்போவது பெல்ஜியம். டன்கிர்க் துறைமுகம் லூன்-பிளாஜ் பக்கம், கலேக்கும் டன்கிர்க் ஊருக்கும் நடுவில் இருக்கிறது. கடலில் செலவழிக்கிற அரை மணி நேரம் சாலையில் மிச்சமாகிவிடும். இறங்கினால் தட்டையான துறைமுகச் சாலையில் சில கிலோமீட்டர் பழகிக்கொள்ளலாம், ரவுண்டானாவில் இடது பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வழி விடுவது கைக்கு வரும், அதற்கப்புறம்தான் ஏ16. அங்கிருந்து பெல்ஜியம் எல்லை வரைக்கும், எல்லை தாண்டி புரூஜ் வரைக்கும் சுங்கச் சாவடியே கிடையாது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். முதல் நாளைக்கு அது போதும், புரூஜில் நிறுத்திவிடுங்கள். கனால்எய்லாண்ட் என்ற இடத்தில் மோட்டார்ஹோம்களுக்கென்றே நிறுத்துமிடம் இருக்கிறது, பழைய நகரத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

காலைக் கப்பலாகப் பாருங்கள். அதற்கு முந்தைய இரவே டோவர் பக்கம் மோட்டார்ஹோமை நிறுத்தித் தங்குகிற ஏதாவது ஒரு முகாமில் போய்ப் படுத்துவிடுங்கள். மில்டன் கீன்ஸிலிருந்து விடிகாலை கிளம்பி எம்1, எம்25, டார்ட்ஃபோர்ட், எம்20 என்று ஓட்டிக்கொண்டு வந்து கப்பலைப் பிடிப்பது உங்கள் முதல் நாளை வீணாக்கிவிடும். முகாமில் ஒரு இரவு தங்கினால் தண்ணீர் எப்படிப் பிடிப்பது, படுக்கையை எப்படி விரிப்பது என்பதெல்லாம் இங்கேயே, நமக்குப் பழகிய ஊரிலேயே தெரிந்துவிடும். டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைத் தாண்டுகிற கட்டணத்தை இணையத்தில் மறுநாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டும், பயண அவசரத்தில் இது மறந்துபோகும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு வண்டித் தளத்திலிருந்து மேலே ஏறுகிற படிக்கட்டு கொடுமை, செங்குத்தாக இருக்கும். ஆனால் லிஃப்ட் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், துறைமுகத்தில் செக்-இன் செய்கிற இடத்தில் மறுபடியும் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டால் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்த ஏற்பாடு செய்வார்கள். சின்னவனைக் கப்பலின் நடுப்பகுதியில், தொடுவானம் தெரிகிற ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஆகஸ்டில் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் வாழ்ந்த அம்மாவுக்குக் கப்பலில் ஏறுகிற வாய்ப்பு இன்னொரு முறை எப்போது வரும்? டோவரை விட்டுக் கிளம்பும்போது பின்பக்கத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சுண்ணாம்புப் பாறைகள் முதலில் தலைக்கு மேல் நிற்கும், அப்புறம் ஒரு வெள்ளைக் கோடாகி, கடைசியில் கடலும் வானமும்தான் இருக்கும். என் அம்மாவை அங்கே நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அசையவில்லை.

சுரங்கத்தை நான் குறை சொல்லவில்லை. 1994-ல் திறந்ததிலிருந்து அது செய்துவரும் காரியம் பெரியது. 50 கிலோமீட்டர் நீளம், அதில் கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில், காற்றோ அலையோ அதைத் தொடாது. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: உள்ளே தண்ணீர் தெரியாது, பெட்டி முழுக்க வெளிச்சம், காது கொஞ்சம் அடைக்கும், அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி. பத்து நாள் கழித்துத் திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்பீர்கள், உங்களுக்கு வண்டியின் நீள அகலம் கைக்குள் வந்திருக்கும், அந்தப் பக்கம் இறங்கினால் நம் பழைய இடது பக்கச் சாலை. அப்போது அந்த 35 நிமிடம் உண்மையிலேயே வரம். (நாய் வளர்க்கிறவராக இருந்தால் இரண்டு வழியும் சுரங்கம் என்றே சொல்லியிருப்பேன், அது உங்கள் காலடியிலேயே படுத்துக்கொண்டு வரும்.) போக ஒன்று, வர ஒன்று என்று எடுத்தால் செலவு கூடலாம், இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிக்கெட் போடும் முன் வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் சரியாக வாங்கி வையுங்கள். பின்னால் சைக்கிள் மாட்டுகிற தாங்கி, கூரையில் இருக்கிற ஏசி எல்லாம் அதில் சேரும். அந்த உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், பாலங்களுக்கு அடியில் போகும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேஸ் சிலிண்டரை இரண்டு வழியிலும் மூடித்தான் ஆக வேண்டும், சுரங்கத்தில் ஆள் வந்தே பார்ப்பார். ஒரு சிலிண்டர் 47 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி, வாடகை வண்டியில் இருப்பது அதைவிட ரொம்பச் சின்னது, பயப்பட வேண்டாம். வண்டியே எல்பிஜியில் ஓடுவதாக இருந்தால் மட்டும் சுரங்கத்தில் விடமாட்டார்கள்.

வாடகை வண்டி என்பதால் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விஇ103 சான்றிதழ் வேண்டும், கம்பெனியிடம் இப்போதே கேளுங்கள். ஆன்ட்வெர்ப், பிரசல்ஸ் ஊருக்குள் போவதாக இருந்தால் புகை கட்டுப்பாட்டு மண்டலத்துக்கு வண்டியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், அம்மாவின் பிரிட்டன் விசா அந்தக் கரையில் செல்லாது. பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து எல்லாவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும், உங்களில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற எல்லோருக்கும் அப்படியே. அதற்கு நேரம் பிடிக்கும், வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விசா வேலையைத் தொடங்குங்கள். 2025 அக்டோபர் 12-லிருந்து எல்லையில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கிற புது முறை வேறு வந்திருக்கிறது, அதற்கும் சேர்த்துக் கையில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இறைச்சியும் பால் பொருளும் இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தயிர், பனீர், அம்மா உருக்கி வைத்திருக்கும் நெய் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் காய்கறிக்கும் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. அரிசி, பருப்பு, புளி, பொடி வகைகளை ஏற்றிக்கொள்ளுங்கள், நெய்யையும் தயிரையும் புரூஜில் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டால் மனசு தாங்காது.

டன்கிர்க்கில் நெடுஞ்சாலைக்குள் நுழையும் முன் மனைவியிடம் சொல்லி வையுங்கள்: அவர் இடது கண்ணாடியைப் பார்த்து "வரலாம்" என்று வாய் திறந்து சொல்லும்வரை நீங்கள் கலக்கக் கூடாது, பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும்.

அன்புடன்,
அண்ணன்