எதிர்வீட்டில் யார் இருந்தார்கள்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் படிக்கிறான். அவனுடைய அறைத் தோழன் கிரீன்ஸ்பர்க் ஊர்க்காரன். 2007 மே 4 அன்று டொர்னாடோ என்னும் சுழல்காற்று அந்த ஊரை அழித்தபோது சின்னப் பையனாம். மே பிறந்தாலே பேச்சைக் குறைத்துவிடுகிறான். இந்த வருடம் அந்த நாளுக்கு ஊருக்கு வரச்சொல்லி என் மகனைக் கூப்பிட்டிருக்கிறான். "அங்கே போய் என்னம்மா பேசுவது?" என்கிறான் மகன். என்ன சொல்லட்டும்?

பதில்: கட்டாயம் போகச் சொல்லுங்கள் அம்மா. அவன் கூப்பிட்டதே பெரிய விஷயம். ஆனால் "அன்று என்ன ஆச்சு?" என்று உங்கள் மகன் ஆரம்பிக்க வேண்டாம். நம் துக்க வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வருகிறவர்கள் எல்லாம் "எப்படி ஆச்சு?" என்று கேட்க, வீட்டுக்காரர் அதையே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவார்.

நடந்ததை முன்பே தெரிந்துகொண்டு போகட்டும். இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் வந்த காற்று அது. ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் அகலம். ஊரே அதற்குள் அடங்கிவிட்டது. சைரன் சுமார் 20 நிமிடம் முன்பே ஒலித்ததால் பெரும்பாலோர் நிலவறைகளில் பதுங்கிப் பிழைத்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மேலே ஏறி வந்தபோது ஊரில் 95 சதவீதம் இல்லை.

என்னை வாட்டுவது இன்னொரு கணக்கு. 2000-இல் அங்கே 1,574 பேர் இருந்தார்கள். 2010-இல் 777. கூட விளையாடியவன், எதிர்வீட்டுப் பாட்டி எல்லாம் உயிரோடு இருந்தும் வேறெங்கோ குடியேறிவிட்டிருப்பார்கள். அந்த இழப்புக்கு யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

அதனால் "உங்கள் தெரு எது? எதிர்வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேட்கட்டும். அங்கே 1880-களில் ஆட்கள் கையால் தோண்டிய, 109 அடி ஆழக் கிணறு ஒன்று உண்டு. மேலிருந்த அருங்காட்சியகத்தைக் காற்று நொறுக்கியது, கிணறு தப்பியது. 2012-இல் புதுக் கட்டடம் வந்தது. அதைக் காட்டச் சொல்லட்டும். தன் ஊர்க் கிணற்றைக் காட்டும்போது பேச்சு தானாக வரும்.

அப்புறம் ஒன்று. விச்சிட்டாவில் சோதனைக்காகச் சைரன் ஒலிக்கும்போது அவன் முகம் மாறினால், "சும்மா டெஸ்ட்தானே" என்று சொல்ல வேண்டாம். அது அவனுக்கும் தெரியும். ஒலி அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.