பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏன் இந்தச் சிடுசிடுப்பு?

கேள்வி: மகனுக்கு 8 வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையை எறிவான், தங்கச்சியோடு சண்டை பிடிப்பான். 3 மணிக்கு ரியூசன். இரவில் போனை வாங்கினால் ஒரே கத்தல். வகுப்பில் அமைதியான பிள்ளை என்கிறார் ரீச்சர். இது குழப்படியா, வருத்தமா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: ரீச்சர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. வகுப்பில் அடங்கியிருக்க முடிகிறதென்றால் அவனுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மத்தியானத்தில் அது தீர்ந்துபோகிறது. ஆத்திரத்தை அடக்குகிற மூளையின் முன்பகுதி 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். பசியும் நித்திரைக் குறைவும் சேர்ந்தால் அந்தப் பிடி தளரும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வீட்டுக்கு வந்த முதல் அரை மணித்தியாலம் அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள். "எத்தனை மார்க்ஸ்?" என்று வாசலிலேயே தொடங்குவதுதான் பல வீடுகளில் சண்டைக்குத் திரி. தண்ணீர், முகம் கழுவல், ஒரு வாழைப்பழமோ கைப்பிடி அவித்த கடலையோ, பிறகு சோறு. சோற்றோடு தேத்தண்ணி கொடுக்கும் பழக்கமிருந்தால் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் கொடுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளிடம் எரிச்சலும் களைப்பும் காணப்படுவதுண்டு.

இந்த வயதுக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும். காலை 5.30க்கு எழும்புகிறவன் இரவு 8.30க்கே நித்திரையானால்தான் 9 மணித்தியாலம் வரும். ரியூசன் இதற்கு இடம் விடவில்லையென்றால் குறைக்க வேண்டியது ரியூசனைத்தான்.

போன் விசயம் வேறு. கத்தியதும் "சரி, இன்னும் 5 நிமிசம்" என்று விட்டால், கத்தினால் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். எப்போதாவது ஒருமுறை பலித்தாலே அந்தப் பழக்கம் இறுகிவிடும். விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் கத்தல் முதலில் கூடும், குறையாது. பழைய வித்தை பலிக்காததால் இன்னும் பலமாய் முயல்கிறான். மூன்றாம் நாள் அம்மம்மா இரக்கப்பட்டுப் போனை நீட்டினால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்பதுதான் அவன் கற்ற பாடம். அதனால் வீட்டிலுள்ள எல்லோரும் முதலே ஒரு முடிவுக்கு வாருங்கள். 10 நிமிசத்துக்கு முன் ஒருமுறை சொல்லுங்கள். வீடியோவின் நடுவில் பறிக்காமல், அது முடிகிற இடத்தில் வாங்குங்கள். படுக்கப் போக ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே போன் கைமாறியிருக்க வேண்டும்.

கோபம் உச்சத்தில் நிற்கும்போது புத்திமதி ஏறாது. கிட்ட இருங்கள், குரலைத் தாழ்த்துங்கள். தங்கச்சிக்குக் கை ஓங்கினால் கையைப் பிடித்து "அடிக்க விடமாட்டன்", அவ்வளவுதான். மிச்சக் கதையை அவன் ஆறிச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் நேரம், அதற்கு முன் நடந்தது, நீங்கள் செய்தது என்று குறியுங்கள். நேரம் மாறாமல் வந்தால் உடம்புக் காரணமாக இருக்கலாம். ஒரே ஆளுக்குப் பின்னோ பாடத்துக்குப் பின்னோ வந்தால் பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள், யாராவது சீண்டுகிறார்களோ தெரியாது. சிறுபிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவே வருவதுமுண்டு. விளையாட்டில் ஆசை விட்டுப்போதல், திடீர் மாற்றம், இரவில் பெரிய குறட்டை, வீட்டிலும் வகுப்பிலும் ஒரேமாதிரி வெடித்தல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பியோடு வைத்தியரிடம் காட்டுங்கள். "சாகப் போறன்" என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.