ரத்தக் கொதிப்பும் மனக் கொதிப்பும்: இளைஞர்களின் கேள்விகள்

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு 26 வயது. காய்ச்சலுக்காக டாக்டரிடம் போனபோது பி.பி. 148/94 இருந்தது. துக்கத்தால் வந்தது தானாகவே சரியாகிவிடுமா?

ஆகலாம். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். துக்கமோ பயமோ கோபமோ, எது வந்தாலும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. பஸ்ஸைத் துரத்திப் பிடித்த படபடப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். துக்கம் அப்படி அடங்குவதில்லை, தூக்கத்தையும் கெடுக்கிறது. நன்றாகத் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். தூக்கம் கெட்டால் அந்த இறக்கமும் போய்விடும்.

காய்ச்சலோடு ஒரே ஒரு முறை பார்த்த அளவை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் விட்ட பிறகு வீட்டிலேயே ஏழு நாள், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை பாருங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற நாள்களின் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பி.பி. பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால்மேல் கால் போடாதீர்கள், பேசாதீர்கள். ஜிம்முக்குப் போய்க் கை பருத்தவர்கள், பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டையைப் பெரிதாக வாங்குங்கள். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும்.

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். 'இப்பவே உனக்கு பி.பி.தான்' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

ரத்தக் கொதிப்பு என்று யார் பெயர் வைத்தார்களோ, கோபக்காரனுக்குத்தான் அது வரும் என்று ஊரே நம்புகிறது. சாந்த சொரூபிகளுக்கும் வருகிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 1985–86இல் 18 முதல் 30 வயது வரையுள்ள 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 'கார்டியா' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எதிலும் அவசரமும் பிறர்மேல் பகைமையும் மிகுந்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் கூடுதலாக வந்திருந்தது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அப்படித் தெளிவான தொடர்பு தென்படவில்லை என்பது எனக்கு வியப்பு.

சுவீடனில் ராணுவத்துக்கு வந்த சுமார் 15 லட்சம் இளைஞர்களை, 18 வயதை ஒட்டி, நெருக்கடியைத் தாங்கும் மனத்திறனுக்காக உளவியலாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அந்தத் திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் அதிகமாக வந்தது. இவையெல்லாம் தொடர்பைத்தான் காட்டுகின்றன. கோபப்பட்டவனுக்கெல்லாம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் மட்டும் ஏறுகிறது, வீட்டில் சரியாக இருக்கிறது.

டாக்டரைப் பார்த்த பதற்றம். மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான ரகம்தான் ஆபத்து: டாக்டர் முன்னால் சரியாக இருக்கும், வேலை நேரத்தில் எகிறும்.

வேலை போய் ஆறு மாதம். ராத்திரி இரண்டு பெக் போட்டால்தான் மனசு இறங்குகிறது. பி.பி.யும் இறங்கும்தானே?

நீங்கள் ஆசைப்படுவதில் பாதி உண்மை. குடித்த சில மணி நேரம் இறங்கவும் செய்யும். மறுநாள் ஏறும், தினமும் குடித்தால் ஏறியபடியே நிற்கும். பின்னிரவுத் தூக்கமும் கெடும். உங்கள் வயதில் நெருக்கடி நேரடியாகச் செய்யும் கெடுதலைவிட, அதைச் சமாளிக்க நாம் பிடித்துக்கொள்ளும் மது, சிகரெட், எனர்ஜி டிரிங்க், இரவெல்லாம் விழிப்பு ஆகியவை செய்வதே அதிகம் என்பது என் எண்ணம். முதலில் குடியைக் குறையுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

24 வயதில் 160/100. எல்லோரும் 'டென்ஷன், தியானம் பண்ணு' என்கிறார்கள். போதுமா?

போதாது. ஹைப்பர்டென்ஷன் என்ற சொல்லில் வரும் 'டென்ஷன்' மனசின் டென்ஷன் இல்லை, ரத்தக்குழாயில் இருக்கும் அழுத்தம். பெயர்க் குழப்பத்தில் எத்தனையோ பேர் சோதனையே செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். இந்த வயதில் இவ்வளவு ஏறினால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்: சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கோளாறு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி பிறவியிலேயே குறுகியிருப்பது. வலிமாத்திரை, மூக்கடைப்பு மருந்து, தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எடுக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீர்ச் சோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், ஈ.சி.ஜி. ஆகியவற்றில் தொடங்குவார்கள். தியானமும் மெதுவான மூச்சுப் பயிற்சியும் சில புள்ளிகள் குறைக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடையும் உதவும். இவற்றைச் செய்துகொண்டே இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பார்வை மங்கலோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.