மருத்துவர் பதில்: டீயை விடுங்கள், முட்டைக்கு வாருங்கள்

கேள்வி: வயது 43. துறைமுகத்தில் கிளியரிங் வேலை. துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு டப்பா டீத்தூள் தந்தார். ஆரஞ்சுத் தோல், ஆப்பிள் துண்டு, பட்டை, கிராம்பு கலந்த பிளாக் டீ. வீட்டில் நாலு பேரும் ருசி பார்த்தோம். எனக்கு மட்டும் வாயெல்லாம் தீயாய் எரிந்தது. நெட்டில் பார்த்தால் பட்டை ஈரலைக் கெடுக்கும், வாசனைப் பொருள் கேன்சர் வரவழைக்கும் என்கிறார்கள். இது அலர்ஜியா? ஆறு மாதமாகவே காரம் ஒத்துக்கொள்ளவில்லை, ரசம்கூட எரிகிறது. பி-காம்ப்ளக்ஸ் போடுகிறேன், வாய்ப்புண் ஜெல் தடவுகிறேன். பீச் ஸ்டேஷன் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் முட்டையை முழுசாக வாயில் போட முடியாமல் பாதியாக வெட்டித் தரச் சொன்னேன். மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) மெல்லும் பழக்கம் உண்டு, இப்போது குறைத்துவிட்டேன். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)
பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் டீதான். மாவா கடைசி வரியில் வருகிறது, அதுவும் 'குறைத்துவிட்டேன்' என்ற சமாதானத்தோடு. கேன்சர் பயத்தை டீ டப்பாவின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

டீயை முதலில் முடித்துவிடலாம். பழமும் மசாலாவும் சேர்ந்த கட்டன் டீ நமக்கு ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. மண்ணடிப் பக்கம் எலுமிச்சை, ஏலக்காய், பட்டை போட்டுச் சுலைமானி குடிப்பவர்களைக் கேளுங்கள். பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் இருப்பதும், அளவு மீறினால் சிலருக்கு ஈரலைத் தொந்தரவு செய்வதும் உண்மைதான். அது, சர்க்கரைக்கு மருந்து என்று பட்டைப் பொடியை நாள் தவறாமல் ஸ்பூன் ஸ்பூனாக விழுங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். ஒரு டம்ளர் டீயில் மிதந்த சில்லுக்கு நீங்கள் ராத்திரி ரெண்டு மணி வரை நெட்டில் தேடியிருக்க வேண்டாம். பட்டை அலர்ஜியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரசத்தில் பட்டை ஏது?

அந்த டீ உங்களுக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறது. ஒரே பாத்திரத்தில் கொதித்து நாலு டம்ளரில் ஊற்றியது. மகள் 'கேக் வாசனை' என்று குடித்தாள். மனைவி இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். மச்சான் இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டார். நீங்கள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினீர்கள். டீயின் துவர்ப்பு நல்ல வாயைக் கொஞ்சம் உலர்த்தும், கிராம்பு லேசாக மரக்க வைக்கும், அவ்வளவுதான். உள்தோல் மெலிந்துபோன வாயில்தான் அதே டீ தீயாக இறங்கும்.

சரி, முட்டைக்கு வருவோம். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அது. அத்தோ கடை முட்டை எனக்கும் பழக்கம்தான். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் மிளகாய்த்தூளும் திணித்துத் தருவார்கள், அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போன வருஷம் அப்படிச் சாப்பிட்ட நீங்கள் இந்த வருஷம் பாதியாக வெட்டச் சொல்கிறீர்கள். கடைக்காரர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரம் எரிகிறது, வாய் முன்போல அகலத் திறக்கவில்லை, ஆள் பாக்கு மெல்லுகிறவர். இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாய்க்குள் நார் கட்டும் நோய், 'ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்'. பாக்கில் இருக்கும் அரெக்கோலின், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை வளர்த்துக்கொண்டே போகிறது. முதலில் எரியும், பிறகு உள்பக்கம் வெளுக்கும், அப்புறம் கயிறு கட்டினாற்போல் இறுகும். புகையிலைதான் விஷம், பாக்கு சும்மா வாய்க்குத்தானே என்று என் கிளினிக்கிலும் வாதாடுகிறார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. மாவாவில் சீவலோடு புகையிலையும் சுண்ணாம்பும் வேறு.

இன்றைக்கே கண்ணாடி முன் நின்று வாயை முடிந்தவரை திறங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே நிறுத்திப் பாருங்கள். உங்கள் விரல்தான் உங்களுக்கு அளவு. சாதாரணமாக மூன்றும் நுழைய வேண்டும். இரண்டோடு நின்றால் வாய் சுருங்கியிருக்கிறது. மூன்றும் நுழைந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். எரிச்சல் முன்னால் வரும், இறுக்கம் பின்னால் வரும். எப்படியும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

இது கேன்சரா? நார் கட்டுவது கேன்சர் இல்லை. ஆனால் கேன்சர் வர வாய்ப்புள்ள வாய் இது. எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கல் மாதிரி தடிப்பு, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் மறுநாளே கிளம்புங்கள். சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதற்குப் பயந்து ஓடி வந்துவிட வேண்டாம்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்குப் பக்கம். இல்லாவிட்டால் கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து எழுதுவார்கள். தேவைப்பட்டால் கன்னத்தில் ஊசி போடுவார்கள், ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து வாயைத் திறக்கும் பயிற்சி சொல்லித் தருவார்கள். கட்டிய நார் முழுக்கக் கரையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மாவாவை அடியோடு நிறுத்தினால் எரிச்சல் தணியும், மேற்கொண்டு இறுகுவது நிற்க வழி உண்டு. குறைப்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள், புகையிலையை விட அரசு நடத்தும் உதவி எண்.

அந்த ஜெல்லை இன்றே நிறுத்துங்கள். அதில் மரக்க வைக்கும் மருந்து இருக்கிறது. வலிக்கிற இடத்தை மரக்க வைத்துவிட்டு அதே இடத்தில் மாவாவை அடக்குகிறீர்களே, வாய் வேறு எப்படித்தான் உங்களிடம் சொல்லும்? பி-காம்ப்ளக்ஸ் கெடுதல் செய்யாது, இந்த நாரையும் ஒன்றும் செய்யாது. ரத்தம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதை டீயோடு மட்டும் போடாதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

டீ டப்பாவை வீட்டில் மற்றவர்கள் காலி செய்யட்டும், கொதிக்கக் கொதிக்கக் குடிக்காமல் கொஞ்சம் ஆறவிட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். நாளைக்கு எத்தனை பொட்டலம் என்று டாக்டர் கேட்கும்போது, சரியான கணக்கு அவர்தான் சொல்வார்.