கிருஷ்ணகிரி வெயிலுக்கு வினைல் ரெய்லிங் தாங்குமா?

கிருஷ்ணகிரியில் மாடி சிட்அவுட்டுக்கு வினைல் (பிவிசி பிளாஸ்டிக்) ரெய்லிங் போடலாமா, வெயிலில் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். துருப்பிடிக்காது, பெயின்ட் வேலையும் இல்லை. ஆனால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வெளிப்புறத் தரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். தூணுக்குள் இரும்போ அலுமினியமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வினைல் வெறும் உறைதான்; ஆள் சாய்ந்தால் தாங்குவது உள்ளே இருக்கும் உலோகம். நிறம் வெள்ளையே நல்லது, அடர் நிறம் அதிகம் சூடேறும்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கம் ஓரத்தில் கிரானைட் பதித்திருப்பார்கள். தூணைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் அதைத் துளைத்து, கீழே கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும். கல்லோடு நின்றால் கல் விண்டுவிடும். துளையைச் சுற்றி சிலிகான் பூசாவிட்டால் மழைநீர் ஸ்லாபுக்குள் இறங்கும். அப்புறம், வினைல் வெப்பத்தில் நீளும்: 2 மீட்டர் கம்பி 30 டிகிரி வித்தியாசத்துக்கு 3, 4 மில்லிமீட்டர் வரை. அதற்கு இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்பி வளைந்துகொள்ளும். உயரம் 1 மீட்டருக்குக் குறைய வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஏறி மிதிக்க வசதியான குறுக்குக் கம்பியைத் தவிருங்கள். நேர்க்கம்பிகளாக, இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.